பிரஷ் கட்டருக்கு மானியம் உண்டு, நைலான் ஒயருக்கு இல்லை: அந்தச் செலவைக் குறைக்கும் வழிகள்

2025 செப்டம்பர் 22 முதல் ஜிஎஸ்டி விகிதங்கள் மாறியது உங்களுக்குத் தெரிந்திருக்கும். டிராக்டர், உழவுக் கருவிகள், அறுவடை இயந்திரங்கள், புல் வெட்டும் இயந்திரங்கள் ஆகியவற்றுக்கு 12 சதவீதமாக இருந்த வரி 5 சதவீதமாகக் குறைந்தது. அதன் பிறகு, "பிரஷ் கட்டர் இப்போது வாங்கலாமா?" என்று கேட்கும் விவசாயிகள் அதிகமாகிவிட்டார்கள். வாங்கலாம். ஆனால், இயந்திரம் ஒருமுறை வாங்குவது. அதன் ஹெட்டில் சுற்றும் நைலான் ஒயரை வருஷம் முழுக்க வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். இந்தக் கட்டுரை அந்த இரண்டாவது செலவைப் பற்றியது.

ஏன் இத்தனை பேர் பிரஷ் கட்டருக்கு மாறுகிறார்கள்?

காரணங்கள் மூன்று. முதலாவது, வரப்பு செதுக்கவும் தோப்பில் களை எடுக்கவும் ஆள் கிடைப்பதில்லை. கிடைத்தாலும் கூலி கட்டுப்படியாவதில்லை. இரண்டாவது, களைக்கொல்லி. 2022 அக்டோபரில் மத்திய வேளாண் அமைச்சகம் கிளைபோசேட் மருந்துக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது. உரிமம் பெற்ற பூச்சிக்கட்டுப்பாட்டுப் பணியாளர்களைத் தவிர வேறு யாரும் அதைத் தெளிக்கக் கூடாது என்பது அந்த உத்தரவு. தென்னை, மா, எலுமிச்சை வைத்திருப்பவர்களில் பலர் அதன் பிறகு இயந்திரம் பக்கம் திரும்பினார்கள். மூன்றாவது, மானியம். வேளாண் இயந்திரமயமாக்கல் துணை இயக்கத்தின் கீழ் சிறு, குறு விவசாயிகள், ஆதிதிராவிடர், பழங்குடியினர், பெண் விவசாயிகளுக்கு 50 சதவீதமும் மற்றவர்களுக்கு 40 சதவீதமும் என்ற அளவில், உச்சவரம்புக்கு உட்பட்டு மானியம் கிடைக்கிறது. வேளாண் பொறியியல் துறையின் பட்டியலில் பிரஷ் கட்டருக்குப் பெயர் 'புதர் அகற்றும் கருவி'. உழவன் செயலியில் விண்ணப்பிக்கும்போது அந்தப் பெயரில் தேடுங்கள்.

வரி விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. பிரஷ் கட்டரை எந்த எச்எஸ்என் எண்ணில் பில் போடுகிறார்கள் என்பதைப் பொறுத்துத்தான் உங்களுக்கு வரி வரும். அறுவடை, புல் வெட்டும் இயந்திரங்களுக்கான 8433 என்றால் 5 சதவீதம். கையில் பிடித்து இயக்கும் மோட்டார் கருவிகளுக்கான 8467 என்றால் 18 சதவீதம். பணம் கட்டும் முன் விலைப்பட்டியல் கேட்டு வாங்கி, இந்த எண்ணைப் பாருங்கள். எண் வேறாக இருந்தால் காரணம் கேளுங்கள்.

நைலான் ஒயருக்கு இந்தச் சலுகை எதுவும் இல்லை. அது பிளாஸ்டிக் இழை என்ற வகையில் 18 சதவீத வரியிலேயே நிற்கிறது. மானியமும் கிடையாது. ஆகவே ஒயரில் மிச்சம் பிடிக்க வேண்டுமானால் அது உங்கள் கையில்தான் இருக்கிறது.

கம்பி கட்டி மிச்சம் பிடிக்க வேண்டாம்

ஒயர் செலவு கையைக் கடிக்கும்போது பலர் செய்வது இதுதான்: கட்டுக்கம்பி, ஜிஐ கம்பி, பழைய பைக்கின் கிளட்ச் கேபிள் ஆகியவற்றை ஹெட்டில் மாட்டி ஓட்டுவது. "ஒயர் அரை மணி நேரம் வருகிறது, கம்பி அரை நாள் வருகிறது" என்று சொல்லக் கேட்டிருக்கிறேன். இது ஏன் ஆபத்து என்பதை ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம்.

ஹெட் நிமிடத்துக்கு 6,500 சுற்று சுற்றுவதாக வைத்துக்கொள்வோம். ஹெட்டின் நடுவிலிருந்து ஒயரின் நுனி 20 செ.மீ. தள்ளி இருந்தால், அந்த நுனி மணிக்கு ஏறக்குறைய 490 கி.மீ. வேகத்தில் போகிறது. 3 மி.மீ. பருமனும் 15 செ.மீ. நீளமும் உள்ள நைலான் துண்டின் எடை சுமார் 1.2 கிராம். அதே அளவு இரும்புக் கம்பி சுமார் 8 கிராம், ஏழு மடங்கு. சுற்றும்போது நைலான் துண்டு ஹெட்டை 7 கிலோ அளவுக்கு வெளியே இழுக்கிறது என்றால், கம்பி 50 கிலோ அளவுக்கு இழுக்கிறது. பிளாஸ்டிக் ஹெட்டும் அதன் துளையும் அந்தப் பாரத்துக்காகச் செய்யப்பட்டவை அல்ல.

நைலான் கல்லில் பட்டால் வளைந்து, நுனி சிதைந்து தேயும். கம்பி அப்படி இல்லை. ஹெட்டின் துளை இருக்கும் இடத்தில் அது வளைந்து வளைந்து நிமிர்கிறது. ஒரு கம்பியை நீங்கள் கையால் மாறி மாறி மடக்கி ஒடிப்பது போலத்தான். ஒடியும்போது முழுத் துண்டும் ஒரே நேரத்தில் பறக்கும். எந்தப் பக்கம் பறக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. இயந்திரம் பிடித்திருப்பவர் காலில் படலாம்; பக்கத்து வயலில் நிற்பவர் கண்ணிலும் படலாம்.

இது வெறும் பயமுறுத்தல் அல்ல. இங்கிலாந்தில், உலோகச் சங்கிலி பொருத்திய பிரஷ் கட்டர் ஹெட்டிலிருந்து ஒரு கண்ணி தெறித்து ஓர் உயிர் போனது. அதைத் தொடர்ந்து 2012 ஜனவரியில் ஐரோப்பிய ஆணையம், கையில் பிடிக்கும் பிரஷ் கட்டருக்கான அப்படிப்பட்ட உலோக ஹெட்டுகளை விற்கக் கூடாது என்று உறுப்பு நாடுகளுக்கு உத்தரவிட்டது. தொழிற்சாலையில் செய்த உலோக ஹெட்டுக்கே அந்தக் கதி என்றால், நாம் வயலில் உட்கார்ந்து மாட்டும் கம்பியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. நைலான் ஒயரோடு ஓட்டும்போதே சிறு கல் தெறிக்கும். அதனால்தான் 15 மீட்டர் சுற்றளவில் யாரும் நிற்கக் கூடாது, கண்ணாடி போட வேண்டும் என்று கையேட்டில் எழுதியிருக்கிறது.

ஒயர் எங்கே போகிறது என்று பாருங்கள்

செலவைக் குறைக்கும் முன், ஒயர் எப்படிக் காலியாகிறது என்று தெரிய வேண்டும். அது நான்கு வழிகளில் காலியாகிறது. நுனியில் தேய்வது, துளையருகே ஒடிவது, பாபினுக்குள் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொள்வது, அளவுக்கு மேல் வெளியே வந்து கார்டில் இருக்கும் சிறு பிளேடில் வெட்டுப்பட்டுப் போவது. இதில் நுனித் தேய்மானம் ஒன்றுதான் நியாயமான செலவு. மற்ற மூன்றும் வீண்.

அடுத்த முறை வெட்டி முடித்ததும் வரப்பில் கொஞ்சம் தேடிப் பாருங்கள். விரல் நீளத்துக்கு மேல் துண்டு துண்டாகக் கிடந்தால், உங்கள் ஒயர் தேயவில்லை, ஒடிகிறது என்று பொருள். நறுக்கென்று வெட்டிய மாதிரி சின்னத் துண்டுகள் கிடந்தால், ஹெட்டைத் தேவைக்கு மேல் தரையில் தட்டுகிறீர்கள். ஹெட்டைப் பிரிக்கும்போது ஒயர் ஒட்டிப்போய் இருந்தால், சுற்றியதில் கோளாறு. உங்களுக்கு எது என்று தெரிந்துவிட்டால் வழியும் தெரிந்துவிடும்.

ஒடிகிறதா? தண்ணீரில் ஊறவையுங்கள்

நைலான் ஈரத்தை உறிஞ்சும் பொருள். முழுக்க ஊறினால் தன் எடையில் 8 முதல் 10 சதவீதம் வரை தண்ணீர் ஏற்கும். அந்த ஈரம்தான் அதற்கு வளையும் தன்மையைக் கொடுக்கிறது. கடையில் மாதக்கணக்கில் தொங்கிய ஒயரும், தகரக் கொட்டகையில் வெயிலில் காய்ந்த ஒயரும் ஈரம் இழந்து மொறமொறவென்று ஆகிவிடும். அதை மாட்டினால் கல்லில் பட்டவுடன் ஒடியும்.

இதற்குச் செலவே இல்லாத வைத்தியம் உண்டு. நாளை வெட்டப் போகிறீர்கள் என்றால், தேவையான நீளத்தை இன்றே வெட்டி ஒரு வாளித் தண்ணீரில் போட்டுவிடுங்கள். ஒரு நாள் முழுக்க ஊறட்டும். மிகவும் காய்ந்த ஒயர் என்றால் இரண்டு நாள். மேலே ஈரத்தைத் துடைத்துவிட்டுச் சுற்றுங்கள். மீதி ஒயரை வெயில் படாத, இன்ஜின் சூடு படாத இடத்தில் வையுங்கள். வெயில் பட்ட நைலான் மேல்தோல் கெட்டுப் பலம் இழக்கும்; அதை ஊறவைத்தாலும் சரியாகாது.

ஊறவைத்த ஒயரும் ஒடிகிறது என்றால் ஹெட்டின் துளையைப் பாருங்கள். அதில் இருக்கும் உலோக வளையம் தேய்ந்து, விளிம்பு கத்தி மாதிரி கூர்மையாகியிருக்கும். விரலை உள்ளே விட்டுத் தடவிப் பார்க்காமல், துணித் துண்டை நுழைத்து இழுங்கள். நூல் பிரிந்து வந்தால் அந்த வளையத்தை மாற்ற வேண்டும். சின்னப் பொருள்தான், ஆனால் மாற்றாவிட்டால் சுருள் சுருளாக ஒயரைத் தின்றுவிடும்.

ஒட்டிக்கொள்கிறதா? சுற்றும் முறையை மாற்றுங்கள்

ஒயர் பாபினுக்குள் தளர்ந்தோ ஒன்றின் மேல் ஒன்று ஏறியோ இருந்தால், வேகமாகச் சுற்றும்போது உரசிச் சூடேறி உருகி ஒட்டிக்கொள்ளும். பிறகு தட்டினாலும் வெளியே வராது. பிரித்து, ஒட்டிய பகுதியை வெட்டி எறிய வேண்டியதுதான். அதைத் தவிர்க்க:

• பாபினில் அம்புக்குறி எந்தப் பக்கம் காட்டுகிறதோ அந்தப் பக்கமாகவே சுற்றுங்கள்.
• இரண்டு இழைகளும் அதனதன் பள்ளத்தில் தனித்தனியாக இருக்கட்டும். குறுக்கே போகக் கூடாது.
• பம்பரத்துக்குச் சாட்டை சுற்றுவது போல இறுக்கமாக, அடுக்கு அடுக்காகச் சுற்றுங்கள்.
• விளிம்பு வரை நிரப்பாதீர்கள். அடிக்கடி சுற்றச் சோம்பல்பட்டு நிறைய அடைப்பதுதான் பாதிக் கோளாறுக்குக் காரணம்.
• ஹெட்டுக்குச் சொல்லப்பட்ட பருமனையே போடுங்கள்.

பருமன் கூடினால் லாபமா?

"தடியான ஒயர் அதிக நேரம் வரும்" என்று நினைத்து, சின்ன இன்ஜினில் 3 மி.மீ. ஒயர் மாட்டுகிறார்கள். 2.4 மி.மீ. ஒயரை விட 3 மி.மீ. ஒயரில் மீட்டருக்கு 56 சதவீதம் அதிகப் பொருள் இருக்கிறது. அந்த அளவுக்கு விலையும் கூடும். அதைச் சுழற்ற இன்ஜின் திணறும். வேகம் குறைந்தால் புல் வெட்டுப்படாமல் மடங்கும், கிளட்ச் சூடாகும், பெட்ரோலும் கூடுதலாகப் போகும். பொதுவாக 25 முதல் 35 சிசி இன்ஜினுக்கு 2.4 மி.மீ., 40 சிசிக்கு மேல் 2.7 முதல் 3 மி.மீ. என்பது நடைமுறை. உங்கள் இயந்திரத்தின் கையேடு சொல்வதே இறுதி.

இதே தவற்றின் இன்னொரு வடிவம், கார்டைக் கழற்றிவிட்டு ஒயரை நீளமாக விட்டு ஓட்டுவது. அகலமாக வெட்டலாம் என்று தோன்றும். ஆனால் இன்ஜின் அந்த நீளத்தை இழுக்க முடியாமல் வேகம் குறைந்து, வெட்டும் திறனும் குறையும். தெறிக்கும் கல்லுக்கும் உங்கள் காலுக்கும் நடுவே தடுப்பும் இருக்காது. கார்டு கழற்றிய இயந்திரத்தை ஸ்டார்ட் செய்யவே வேண்டாம்.

வாங்கும்போது மீட்டர் கணக்கு பாருங்கள்

சிறு பாக்கெட்டாக வாங்கினால் மீட்டர் கணக்கில் சொல்கிறார்கள். பெரிய சுருள் கிலோ கணக்கில் விற்கிறது. இரண்டையும் ஒப்பிட இந்தக் கணக்கு உதவும். உருண்டை வடிவ நைலான் ஒயர் ஒரு கிலோவுக்கு ஏறக்குறைய:

2.0 மி.மீ. – 280 மீட்டர்
2.4 மி.மீ. – 195 மீட்டர்
2.7 மி.மீ. – 155 மீட்டர்
3.0 மி.மீ. – 125 மீட்டர்

ஓர் உதாரணம் பார்ப்போம். 3 மி.மீ. ஒயர் 15 மீட்டர் பாக்கெட் 180 ரூபாய் என்றால் மீட்டர் 12 ரூபாய். அதே ஒயர் கிலோ 750 ரூபாய் என்றால் மீட்டர் 6 ரூபாய். ஒரு தடவை சுற்ற 6 மீட்டர் பிடிக்கும் ஹெட்டுக்கு, முன்னதில் 72 ரூபாய், பின்னதில் 36 ரூபாய். இந்த விலைகள் கணக்குக்காகச் சொன்னவை. உங்கள் ஊர்க் கடை விலையைப் போட்டுப் பாருங்கள்.

கிலோ கணக்கில் வாங்கும்போது இரண்டு விஷயம் கவனியுங்கள். சுற்றியிருக்கும் பிளாஸ்டிக் சக்கரத்தின் எடையும் சேர்த்துப் போட்டிருக்கிறார்களா? 3 மி.மீ. ஒரு கிலோ என்று சொல்லி 160 மீட்டர் இருக்கிறது என்றால் சந்தோஷப்படாதீர்கள். அது 3 மி.மீ. ஆக இருக்க வாய்ப்பில்லை. சதுரம், நட்சத்திர வடிவ ஒயர்கள் விளிம்பு இருப்பதால் தடித்த புல்லைச் சுத்தமாக வெட்டும். ஆனால் விளிம்பு மழுங்கியபின் அந்த நன்மை இல்லை. கல் நிறைந்த வரப்புக்கு உருண்டை ஒயரே போதும்.

வெட்டும் முறையில்தான் பெரிய மிச்சம்

நைலான் ஒயர் வெட்டுவது அதன் நுனியால். நுனி மட்டும் புல்லில் படும்படி, அரிவாள் வீசுவது போல வலமிருந்து இடமாக வீசுங்கள். ஹெட்டை முழுக்கப் புல்லுக்குள் நுழைத்து அழுத்தினால், ஒயர் முழு நீளத்துக்கும் உரசித் துளையருகே ஒடியும். உயரமான புல்லை ஒரே வீச்சில் அடியில் வெட்டாமல் மேல்பாதி, கீழ்ப்பாதி என இரண்டு வீச்சாக வெட்டுங்கள்.

மண்ணைத் தொடாதீர்கள். தரையிலிருந்து இரண்டு விரல் உயரம் விட்டு வெட்டினால் ஒயரும் மிஞ்சும், வரப்பு மண்ணும் கரையாது. கல் கட்டு, முள்கம்பி வேலி, தென்னையின் அடிமரம் இவற்றுக்கு அருகில் ஒரு சாண் விட்டுவிட்டு வெட்டி, மீதியை அரிவாளால் முடியுங்கள். ஒயர் அதிகம் வீணாவது அந்த ஒரு சாணில்தான். மா, எலுமிச்சை, கொய்யா இளங்கன்றுகளின் பட்டையை ஒயர் சுற்றிலும் உரித்துவிட்டால் கன்று காய்ந்தே போகும். கன்றைச் சுற்றிக் கையால் களை எடுத்துவிட்டு, பிறகு இயந்திரத்தை இறக்குங்கள். சொட்டுநீர்க் குழாய் இருக்கும் வரிசையில் குழாயை முதலில் ஒதுக்கிவையுங்கள். ஒயரில் பத்து ரூபாய் மிச்சம் பிடித்து, குழாயில் நூறு ரூபாய் விடக் கூடாது.

ஹெட்டைத் தட்டுவதிலும் அளவு வேண்டும். வெட்டும் அகலம் குறைந்தது கண்ணுக்குத் தெரிந்த பிறகு ஒருமுறை தட்டினால் போதும். பழக்கத்தில் பத்தடிக்கு ஒருமுறை தட்டினால், வெளியே வரும் நல்ல ஒயரைக் கார்டு பிளேடு உடனே வெட்டி எறியும்.

களையின் வயதையும் பாருங்கள். முழங்கால் உயரத்துக்குக் கீழே, தண்டு முற்றாமல் இருக்கும்போது வெட்டினால் ஒயர் குறைவாகத் தேயும். பார்த்தீனியத்தைப் பூப்பதற்கு முன் வெட்டினால் விதையும் விழாது. கோரையும் அருகும் வேரிலிருந்து திரும்ப வரும். அவற்றை ஒயரால் ஒழிக்க முடியாது, அடக்கி வைக்கத்தான் முடியும்.

எல்லா வேலைக்கும் ஒயர் வேண்டாம்

பிரஷ் கட்டரோடு வரும் உலோக பிளேடைப் பலர் பெட்டியிலேயே வைத்திருக்கிறார்கள். கல் இல்லாத திறந்த இடத்தில் முற்றிய புல், பார்த்தீனியத்தின் கெட்டித் தண்டு ஆகியவற்றுக்கு மூன்று பல் பிளேடு போதும். அது மழுங்கினால் அரம் வைத்துத் தீட்டிக்கொள்ளலாம். ஒயர் செலவே இல்லை. கல் உள்ள வரப்பு, வேலியோரம், வாய்க்கால் கரை ஆகிய இடங்களுக்கு மட்டும் ஒயரை வையுங்கள். பிளேடுக்கு மாறும்போது அதற்குரிய கார்டையும் மாற்றுங்கள். விரிசல் விட்ட பிளேடை ஒட்டவைத்துப் பயன்படுத்தாதீர்கள்.

குட்டைத் துண்டு ஒயர்களை எறிய வேண்டாம். தட்டினால் ஒயர் வரும் ஹெட் தவிர, வெட்டிய துண்டுகளைத் துளையில் செருகி ஓட்டும் ஹெட்டும் கடைகளில் கிடைக்கிறது. பாபின் கடைசியில் மிஞ்சும் ஒரு சாண், ஒரு முழத் துண்டுகளை அதில் போட்டு முடிக்கலாம். உங்கள் இயந்திரத்தின் திருகு அளவுக்குப் பொருந்துகிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

மண்ணும் மாடும்

இன்னொரு கணக்கும் உண்டு. நீங்கள் வாங்கிய ஒரு கிலோ ஒயர் தேய்ந்து முடிந்தால், அந்த ஒரு கிலோ பிளாஸ்டிக்கும் தூளாகவும் துண்டாகவும் உங்கள் நிலத்தில்தான் கிடக்கிறது. அது மக்காது. ஒயரைக் குறைத்தால் பணம் மட்டுமல்ல, மண்ணும் மிஞ்சும். ஒடிந்த நீளத் துண்டுகளை வேலை முடிந்ததும் பொறுக்கி ஒரு பையில் போடுங்கள். மாட்டுக்குப் போடும் தீவனப் புல்லை ஒருபோதும் நைலான் ஒயரால் வெட்டாதீர்கள். பிளேடு அல்லது அரிவாள்தான். ஒடிந்த துண்டு புல்லோடு சேர்ந்து மாட்டின் வயிற்றுக்குள் போனால் அது செரிக்காது.

சேர்ந்து வாங்குங்கள், சேர்ந்து கேளுங்கள்

ஐந்தாறு பேர் சேர்ந்து பெரிய சுருளாக வாங்கிப் பிரித்துக்கொள்வதுதான் உடனே செய்யக்கூடியது. உங்கள் பகுதி உழவர் உற்பத்தியாளர் நிறுவனம் உரம், விதை விற்கும்போது ஒயர், வளையம், பாபின் ஆகியவற்றையும் மொத்த விலையில் எடுத்து வைக்கலாம். ஒவ்வொருவர் வீட்டிலும் ஆண்டுக்கணக்கில் காய்ந்து கிடப்பதைவிட, ஓர் இடத்தில் நிழலில் இருந்து தேவைக்கு வெட்டிக் கொடுப்பது நல்லது.

அரசிடமும் ஒன்று கேட்கலாம். மானியத்தில் இயந்திரம் கொடுக்கும் நாளில், ஹெட்டைப் பிரிப்பது, ஒயர் சுற்றுவது, பிளேடு மாற்றுவது ஆகிய மூன்றையும் அரை நாள் செய்து காட்டச் சொல்லுங்கள். வேளாண் பொறியியல் துறை அலுவலகத்திலும் உங்கள் மாவட்ட வேளாண் அறிவியல் நிலையத்திலும் இதற்குக் குழுவாகக் கேட்டால் ஏற்பாடு செய்ய முடியும். பாதி விலைக்கு வாங்கிய இயந்திரத்தை ஓட்டத் தெரியாமல் ஒயரிலும் பழுதுபார்ப்பிலும் பணத்தை விட்டால், அந்த மானியத்துக்கு அர்த்தமே இல்லை.

இன்று முதல் ஒரு காரியம் செய்யுங்கள். ஒவ்வொரு முறை ஒயர் சுற்றும்போதும் தேதி, நீளம், வெட்டிய இடம் ஆகிய மூன்றையும் ஒரு நோட்டில் எழுதுங்கள். ஏக்கருக்கு எத்தனை மீட்டர் என்பது ஒரு மாதத்தில் தெரிந்துவிடும். பிறகு ஊறவைத்துப் பாருங்கள், கல்லோரம் ஒரு சாண் விட்டு வெட்டிப் பாருங்கள், திறந்த இடத்துக்கு பிளேடு போட்டுப் பாருங்கள். எதில் எவ்வளவு மிஞ்சுகிறது என்பதை உங்கள் நோட்டே சொல்லும்.